வடக்குப் பார்த்த வீட்டின் முன்தோட்டம்: ஐந்து வருடத்தில் எது நின்றது, எது போனது

சென்னையில் வடக்கு வாசல் மனைக்குக் கூடக் கொஞ்சம் கொடுக்கவும் ஆள் உண்டு. அந்த வாசலுக்கு முன்னால் செடி வைக்கும்போதுதான் சிக்கல் தெரியவரும். இங்கே சொல்வதெல்லாம் 20 அடி அகலமும் 15 அடி ஆழமும் உள்ள முன்புறத்துக்கு. தரைத்தளம், ஒரு மாடி, கைப்பிடிச் சுவர் எல்லாம் சேர்த்து வீட்டின் உயரம் 23 அடி. எதிரே காம்பவுண்ட் சுவர். தண்ணீர் போர்வெல் தண்ணீர்.

வருடம் முழுக்கப் பூ என்று யூடியூபில் காட்டும் பட்டியல்கள் இந்த இடத்தில் பலிக்காது. காரணம் நிழல். டிசம்பர் 21 வாக்கில் நண்பகல் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடுவதால், 23 அடி வீட்டின் நிழல் 17 அடி நீள்கிறது. முன்புறமே 15 அடிதான், ஆக மொத்தமும் இருட்டு. ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. அதிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கு வரை நண்பகல் சூரியனே வடக்கில் நிற்கும். நிழலுக்கு என்று வைத்த செடி அப்போது கருகும். ஒரே பாத்தி ஆறு மாதம் ஊட்டி, ஆறு மாதம் வேலூர்.

செடி வாங்கும் முன் ஒரு சாக்பீஸ் போதும். மாதாமாதம் 21ஆம் தேதி, நண்பகல் 12 மணி சுமாருக்கு, கைப்பிடிச் சுவரின் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு போட வேண்டும். இந்த உயரத்துக்கு செப்டம்பரில் 5 அடி, அக்டோபரில் 10, நவம்பரில் 15, டிசம்பரில் 17. பிறகு அதே கணக்கில் பின்வாங்கி, மார்ச்சில் மறுபடி 5 அடிக்கு வந்துவிடும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் வீட்டு உயரத்தை 0.74ஆல் பெருக்கினால் சென்னையில் டிசம்பர் நிழலின் நீளம் கிடைக்கும். மதுரைக்கு 0.66.

இந்தக் கோடுகளை வைத்துத்தான் இரண்டு பாத்தி. காம்பவுண்ட் சுவரை ஒட்டி 3 அடி அகலத்தில் ஒன்று. நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி இரண்டாம் வாரம் வரை நண்பகலில் நிழலுக்குள் போகிறது, மற்ற மாதங்களில் நல்ல வெயில். வீட்டுச் சுவரை ஒட்டி 2 அடியில் இன்னொன்று. நடுவில் 10 அடி, நடக்கவும் தொட்டி வைக்கவும்.

முதல் செலவு மண்ணுக்கு. வீடு கட்டிய இடத்தில் ஒரு அடி தோண்டினாலே சிமெண்ட் கட்டி, ஓடு, செங்கல் துண்டு. இந்தச் சுண்ணாம்புச் சத்தில்தான் இட்லிப்பூ வெளுக்கிறது: நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் இலை மஞ்சளாகும், அதுவும் புது இலையில் முதலில். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவார்கள், அது இன்னும் கெடுக்கும். இது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), ஒரு சிட்டிகை சிட்ரிக் ஆசிட் கலந்து, மாலையில் இலை மேல் 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்தால் புது இலை பச்சையாக வரும். நிரந்தரத் தீர்வு மண்ணை மாற்றுவதுதான். 20 அடிக்கு 3 அடி, ஆழம் ஒன்றரை அடி என்றால் 90 கன அடி. ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) 10 கன அடி குறைவு. பாதி செம்மண், கால் பங்கு மணல், கால் பங்கு நன்றாக மக்கிய தொழு உரம். அரைகுறையாக மக்கியதை வீட்டுச் சுவரோரம் போட்டால் கரையான் வரும்.

காம்பவுண்ட் பாத்தியில் ஐந்தாவது வருடமும் மாற்றாமல் இருப்பவை மூன்று. நந்தியாவட்டை (அடுக்கு வகை), 4 அடி இடைவெளியில்: நிழலிலும் கொஞ்சமாவது பூக்கும், இலை எப்போதும் பளபளப்பு. பின்வரிசையை இதற்குக் கொடுத்துவிடலாம். முன்னால் குட்டை இட்லிப்பூ, ஒரு அடிக்கு ஒன்று. டிசம்பரில் பூ குறைந்தாலும் வேலி மாதிரி அடர்த்தியாக நிற்கும்.

மூன்றாவது குண்டுமல்லி. வடக்கு முற்றத்துக்கே செய்த செடி மாதிரி இது. நவம்பர் கடைசி வாரம், பாத்தி முழுக்க இருட்டாகிவிடும் சமயத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும். வெட்டிய மொட்டைக் குச்சி நிழலில் கிடக்கிறதே என்று கவலை வேண்டாம், அது அப்போது ஓய்வில் இருக்கிறது. வெயில் திரும்பும் பிப்ரவரியில் துளிர், மார்ச் முதல் ஜூன் வரை பூ. வெட்டாமல் விட்டால் கொடி மாதிரி நீண்டு நுனியில் நாலு பூ, அவ்வளவுதான்.

எடுத்துவிட்டவை அதிகம். கோல்டன் துரந்தா நிழலில் தங்க நிறம் போய்ச் சாதாரணப் பச்சையாகிவிடுகிறது. குரோட்டன்ஸும் அப்படியே, சிவப்பும் மஞ்சளும் வெயில் தரும் நிறங்கள். வருடம் முழுக்க நிறம் வேண்டுமென்றால் வெள்ளை வரி ஓடிய அரேலியா, வெள்ளை வரி நந்தியாவட்டை இரண்டும் நம்பிக்கையானவை. நிழலில் அந்த வெள்ளைதான் எடுப்பாகத் தெரியும். செம்பருத்தி ஒன்றே ஒன்று மிச்சம். பிப்ரவரி முதல் ஜூன் வரை மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் 2 மில்லி சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒரு முறை என மூன்று வாரம், வெயில் தாழ்ந்த பிறகு. எறும்பை ஒழிக்காமல் பூச்சியை மட்டும் அடித்தால் எறும்பே திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். காகிதப்பூ இந்த முற்றத்தில் வீண், மாடிக் கைப்பிடிச் சுவருக்கு அனுப்பிவிடுங்கள்.

வீட்டுச் சுவரோரப் பாத்திதான் அதிகம் ஏமாற்றுகிறது. மேலே 2 அடி சன்ஷேடு. நவம்பரில் தெருவே வெள்ளமாக ஓடும், இந்தப் பாத்தியில் விரலை விட்டால் மண் பொடியாக உதிரும். மழைதானே பெய்கிறது என்று தண்ணீர் ஊற்றாமல் விடுவதால் அடைமழைக் காலத்தில் செடி காய்ந்து சாகிறது. சன்ஷேடிலிருந்து நீர் சொட்டும் கோட்டில் நேர் எதிர்: அங்கே மண் அரித்து வேர் வெளியே தெரியும். அந்தக் கோட்டில் அரை அடி அகலத்துக்குக் கூழாங்கல் கொட்டியது இந்த ஐந்து வருடத்தில் செய்த மிக மலிவான, மிக உபயோகமான வேலை. கோடையில் பிரச்சினை வேறு. மே, ஜூன் மாதங்களில் மாலை 3 மணிக்கு மேல் வடமேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் சன்ஷேடுக்குக் கீழே புகுந்துவிடும். பீஸ் லில்லி, பெரணி, கலாதியா எல்லாம் ஒரே வாரத்தில் ஓரம் கருகும். தாக்குப்பிடித்தவை மருள் (ஸ்நேக் பிளான்ட்), ரியோ, ஸ்பைடர் லில்லி. இதில் ஸ்பைடர் லில்லிக்கு இடம் தாராளமாக விட வேண்டும், மூன்று வருடத்தில் கிழங்கு பெருகி மற்றதைத் தள்ளிவிடும்.

பூவின் நிறத்துக்கு நம்புவது தொட்டிகளை. 12 அங்குலத் தொட்டி பத்து, மாடியில் வெயிலில் வளர்த்து, மொட்டு நிறம் காட்டியதும் கீழே இறக்குவது. நிழலில் பூ மெதுவாக விரிவதால் கூடுதல் நாள் நிற்கும். டிசம்பர் இருட்டு இந்த ஒரு விஷயத்தில் உதவி. சாமந்திக்கு ஜூலையில் தண்டு நட்டு, நான்காவது வாரம் நுனி கிள்ளி, பக்கக் கிளை விட வைக்க வேண்டும். சாமந்தி மொட்டு வைக்க நீண்ட இருட்டு இரவு தேவை. மாடியில் தெருவிளக்கு வெளிச்சம் விழும் மூலையில் வைத்த தொட்டி பச்சைப் பசேலென்று வளரும், மொட்டு மட்டும் வராது. அதே தண்டில் எடுத்த தொட்டி, தண்ணீர்த் தொட்டியின் மறைவில் பூத்துக் குலுங்கும். பொங்கலுக்குச் செண்டுமல்லி வேண்டுமென்றால் நவம்பர் முதல் பாதியில் விதைக்க வேண்டும், 60 நாள் கணக்கு. மழை நேரம் என்பதால் நாற்றுத் தட்டு கூரைக்குள் இருக்கட்டும். ஏப்ரல், மே மாதங்களுக்குப் பத்துமணிப்பூவைத் தவிர வேறு எதையும் சிபாரிசு செய்ய மாட்டோம். நித்தியகல்யாணியும் வெயில் தாங்கும்தான், ஆனால் மழையில் தண்ணீர் தேங்கினால் இரண்டே நாளில் தண்டு கருத்துச் சாயும்.

தண்ணீருக்கு டைமர் மாட்டியவர்கள் வருடத்துக்கு நான்கு முறையாவது அதை மாற்ற வேண்டும். காம்பவுண்ட் பாத்திக்கு மே மாதம் தினமும் 30 லிட்டர். டிசம்பரில் மழை இல்லாத வாரங்களில் மட்டும், வாரம் ஒரு முறை அதே அளவு. மே மாத அளவையே டிசம்பரிலும் விட்டால் வேர் அழுகல், கூடவே நத்தை. நத்தைக்கு ஈரச் சாக்கைப் பப்பாளி இலையோடு இரவில் பாத்தி ஓரம் போட்டு, காலையில் அடியில் ஒட்டியிருப்பதைக் கையுறை போட்டுப் பொறுக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் புது இட்லிப்பூத் துளிரில் ஓட்டை தெரியும்.