பிரம்பு முதுகு போட்ட என் வில், இரண்டரை வருடத்துக்குப் பிறகு

போன வாரம் நாணைக் கழற்றி, வில்லை மேசை விளிம்போடு ஒட்டி வைத்து அளந்தேன். இரண்டு நுனியும் ஒன்றரை அங்குலம் கூன் விழுந்திருக்கின்றன, அதாவது நாணைக் கழற்றிய பிறகும் நாண் பக்கமாக வளைந்தே நிற்கின்றன. செய்து முடித்த மாதத்தில் இது முக்கால் அங்குலம். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 80, 100 அம்பு என்று இரண்டரை வருடம் பினாங்கின் ஈரக்காற்றில் எய்த மரவில்லுக்கு இவ்வளவுதான் என்றால் எனக்கு முழுத் திருப்தி.

இதற்கு முன்னால் செய்த இரண்டும் உடைந்துவிட்டன. இரண்டுமே இங்கே கடையில் கிடைக்கும் நியாத்தோ என்கிற மரத்தின் வெறும் பலகையில் செதுக்கியவை. பலகையாக அறுத்து விற்கும் மரத்தில் ரேகை நுனிவரை நேராக ஓடுவது அபூர்வம், எங்காவது ஓரத்தில் சாய்ந்து வெளியே வந்துவிடும். வில்லை இழுக்கும்போது நம்மைப் பார்க்கிற வயிற்றுப்பக்கம் நசுங்குகிறது, எதிர்ப்பக்கமான முதுகு நீள்கிறது, நீள்கிற பக்கத்தில் ரேகை அறுபட்ட இடத்தில் ஒரு சிராய் கிளம்பினால் போதும், அடுத்த இழுப்பில் வில் இரண்டாகிவிடும். அதைத் தடுக்கத்தான் முதுகில் பட்டை ஒட்டுவது.

மூங்கில் ஒட்டலாம் என்றுதான் இருந்தேன். பெரியப்பாதான் மாற்றினார். பினாங்கின் பிறை (Perai) ஊரில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ரொம்ப வருடம் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர். "ஏன்டா, பிரம்புக் கம்பு உடைஞ்சு பாத்திருக்கியா நீ? நார் நாராப் பிரியும், பட்டுனு ஒடியாது" என்றார். உண்மைதான். பள்ளிக்கூடத்தில் ரோத்தான் (மலாயில் பிரம்பு) அடி வாங்கிய எல்லோருக்கும் அது எப்படி வளைந்து திரும்பும் என்று தெரியும். பிரம்பு மரமே இல்லை, கொடியாக ஏறுகிற பனை வகை. நார் முழுக்க நீளவாக்கில் ஓடுகிறது, அதிலும் தோலை ஒட்டிய பகுதியில்தான் நார் நெருக்கம், உள்ளே போகப் போக பஞ்சு மாதிரி. அதனால் தோல்பக்கப் பட்டைதான் நமக்கு வேண்டும்.

நான் எடுத்தது ரோத்தான் மானாவ், நாற்காலிக் கால் செய்கிற தடித்த வகை, சுமார் 25 மில்லிமீட்டர் குறுக்களவு. சேகா என்கிற மெல்லிய வகை பின்னலுக்கு அருமை, ஆனால் வில்லுக்குப் போதுமான அகலம் அதில் வராது. மானாவைப் பிளந்து 11 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று பட்டை எடுத்து, உள்பக்கத்தை இழைத்து 3 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்தேன். வில் நீளம் 66 அங்குலம், இணைப்பே இல்லாமல் ஒரே பட்டை முழு நீளத்துக்கும் கிடைத்தது பெரிய வசதி. கணுக்கள் மூன்று பட்டையிலும் ஒரே வரிசையில் விழாதபடி முன்பின்னாகத் தள்ளிப் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும், இதை மட்டும் சோம்பல் படாமல் செய்யுங்கள்.

முதல் முறை ஒட்டியது நாலே நாளில் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. பசையைச் சந்தேகப்பட்டேன். உரிந்த பட்டையை மூக்கருகே கொண்டுபோனதும் லேசாக டீசல் வாடை. தடித்த பிரம்பைப் பூச்சி அரிக்காமலும் ஈரம் போகவும் டீசல் மாதிரி எண்ணெயில் வேகவைத்துக் காயவைப்பது தொழில்முறை வழக்கம், எண்ணெய் ஊறிய பரப்பில் எந்தப் பசையும் பிடிக்காது. அப்புறம் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய பிரம்புக் கடையில் எண்ணெய் காட்டாத பச்சைப் பிரம்பாகக் கேட்டு வாங்கிக் காயவைத்தேன். அதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு நாள் காலை, மிச்சக் கழியைச் சாய்த்து வைத்திருந்த இடத்தில், வெள்ளை டைல்மேல் முகப்பவுடர் சிந்தியது போல ஒரு சின்னக் குவியல். மேலே குண்டூசி முனை அளவு துளை. துளைப்பான் வண்டு. அந்தக் கழியை அப்படியே எரித்துவிட்டேன், வில்லில் இருக்கும் பட்டையை இன்றும் மாதம் ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறேன்.

ஒட்டுவதைவிடக் காயவைப்பதுதான் இங்கே கஷ்டம். நம்ம ஊர்க் காற்றில் சும்மா கிடக்கும் மரத்தில் 15, 16 சதவீதம் ஈரம் நிற்கும், வில்லுக்கு 8லிருந்து 10க்குள் இருக்க வேண்டும். ஈர மரம் உடையாது, ஆனால் கூன் விழுந்து சக்தியில்லாமல் போகும். ஒரு நீளப் பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு போட்டு, மரத்தையும் பட்டையையும் வைத்து, சமையல் தராசில் தினமும் எடை பார்ப்பேன். எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். தைப்பூசம் வரும் சமயம் பினாங்கில் மழை குறைவு, நான் அப்போதுதான் ஒட்டினேன். உள்பக்கத்தை 60 நம்பர் உப்புத்தாளால் சுரண்டி, தின்னரில் துடைத்து, மெதுவாக இறுகும் இபாக்சி பசை பூசி, பழைய சைக்கிள் டியூபைக் கீறி ரிப்பன் மாதிரி இறுக்கிச் சுற்றி ஒரு நாள் விட்டேன். தோல்பக்கத்தைத் தொடவே இல்லை. அந்தப் பளபளப்பின் மேல் வார்னிஷ் அடித்தாலும் உரிந்துவிடும், மெழுகு தேய்த்தால் போதும். ஈரம் புகுவது பக்கவாட்டு விளிம்பில்தான், அங்கே வார்னிஷ் மூன்று கை கொடுத்தேன்.

ஒரு தவறு நடந்தது. ஒரு மத்தியானம் வில்லைப் பூட்டிய காருக்குள் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சூட்டில் பசை இளகி, கீழ்நுனிப் பக்கம் இரண்டு அங்குலத்துக்குப் பட்டை தூக்கிக்கொண்டது. மெல்லிய உடனடிப் பசையை இடுக்கில் ஓடவிட்டு, மேலே நைலான் நூலால் நெருக்கமாகச் சுற்றினேன். அதற்குப் பிறகு ஒன்றும் ஆகவில்லை.

இழுவிசை, அதாவது நாணை 28 அங்குலம் இழுக்கத் தேவைப்படும் பலம், 38 பவுண்டு இருந்தது, இப்போது 35. அம்பு வேகம் கூடியதா என்றால் இல்லை, பிரம்பு சுலபமாக நீளும், மூங்கில் அளவுக்கு விறைப்பு கிடையாது. ஆனால் அதுதான் எனக்கு நல்லதாகப் போயிற்று. நண்பர் ஒருவர் இதே நியாத்தோவில் மூங்கில் ஒட்டினார், அம்பு நிஜமாகவே விரைவாகப் போகும், எட்டே மாதத்தில் வயிற்றுப்பக்கம் குறுக்கே மயிரிழை மாதிரிச் சுருக்கங்கள் விழுந்துவிட்டன. முதுகு விட்டுக்கொடுக்காததால் வயிறு நசுங்குகிறது. மெர்பாவ் மாதிரி கடின மரம் கிடைத்தால் மூங்கிலை நானும் முயல்வேன், சுமாரான பலகைக்குப் பிரம்பைத் தவிர வேறு எதையும் ஒட்ட மாட்டேன்.

பெரியப்பா வில்லை வாங்கி முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, தனக்கு ஒன்று கேட்டிருக்கிறார், 25 பவுண்டுக்கு மேல் வேண்டாமாம். மூன்று பட்டை பெட்டிக்குள் இருக்கிறது. நேற்று 79 கிராம், இன்று காலை 78.