ஏஎஃப்பியா, ரத்தத்தில் டிஎன்ஏ சோதனையா?

ஹெப்படோபிளாஸ்டோமா (குழந்தைகளுக்கு வரும் ஈரல் புற்றுநோய்) கட்டியை அகற்றிய குழந்தைக்கு அது திரும்புகிறதா என்று எதை வைத்துக் கண்காணிப்பது? பெற்றோர் பலரும் தடுமாறும் இடம் இது.

செலவு: ஏஎஃப்பி, அதாவது இந்தக் கட்டி பெரும்பாலும் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தச் சோதனை, சாதாரண லேபிலேயே மலிவாக முடியும். கட்டியின் டிஎன்ஏவை ரத்தத்தில் தேடுவதற்குப் பல மடங்கு ஆகும்.

நம்பகம்: இந்தக் கட்டி வந்த குழந்தைகளில் சுமார் 90% பேருக்கு ஏஎஃப்பி உயரும். ஆனால் பச்சிளம் குழந்தைக்கு அது இயல்பாகவே அதிகம். வெட்டிய ஈரல் மறுபடி வளரும்போதும் ஏறலாம். ஒரு எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், தொடர்ந்து இறங்குகிறதா என்று பாருங்கள். டிஎன்ஏ சோதனை கட்டிக்கே உரிய பிறழ்வை, பெரும்பாலும் சிடிஎன்என்பி1 மரபணுவில், தேடுகிறது. கட்டித் திசுவில் அந்தப் பிறழ்வை முன்பே கண்டறிந்திருந்தால் நல்லது.

சிரமம்: இரண்டுக்கும் ஊசிக்குத்துதான்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்கேனோடு ஏஎஃப்பி பொருந்தும். தொடக்கத்திலேயே ஏஎஃப்பி உயராத குழந்தையா? டிஎன்ஏ சோதனை பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.