யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் வீடியோ வெளிச்சத்துக்கும் எந்தக் கொன்டூர்?

முகத்தில் நிழல் காட்டப் பூசுகிற கொன்டூர் எது நல்லது என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது, "கீழே என்ன ஃபவுண்டேஷன் போடுகிறாய்?" என்றுதான். எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணையோ வயதுக்கு வந்த சாமத்தியப் பிள்ளையையோ வெளிக்கிடுத்தும்போது சொந்த நிறத்தைவிட இரண்டு மூன்று படி வெளிறிய பூச்சைத்தான் இன்னும் போடுகிறார்கள். அந்த வெள்ளைக்கு மேலே எந்த விலையில் கொன்டூர் வைத்தாலும் கன்னத்தில் புழுதி படிந்ததுபோலத்தான் தெரியும். பிறகு "எனக்குக் கொன்டூர் சரிவராது" என்று சாமானில் பழி. கழுத்தோடு சேருகிற நிறத்தில் ஃபவுண்டேஷன் பூசிவிட்டு வாருங்கள், மிச்சத்தை அதுக்குப் பிறகு கதைக்கலாம்.

நான் இணுவிலில் பரதநாட்டியம் படிப்பிக்கிறவள். அரங்கேற்றம், பாடசாலைக் கலைவிழா, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று வருசம் முழுக்க யாராவது ஒருவரின் முகம் என் கையில் இருக்கும். வீரசிங்கம் மண்டபத்தின் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டிய கன்னம் வேறு, மணவறைக்கு முன்னால் நின்று கைபேசியில் படம் எடுக்கிற மாமிக்குத் தெரிகிற கன்னம் வேறு. இரண்டுக்கும் தேடித்தேடி என் பெட்டியில் பலவகைக் கொன்டூர் சேர்ந்துவிட்டது.

கொன்டூரின் வேலை நிழல் காட்டுவது. நிழலில் மினுக்கம் இராது, செம்மஞ்சளும் இராது. ஆகவே பிரான்சர் என்று எழுதியிருக்கிற மினுங்கல் பெட்டியைக் காட்டி, "இதுவும் அதுதான் தங்கச்சி" என்று கடைக்காரர் நீட்டினால் வாங்க வேண்டாம். அது வெயில் பட்ட முகத்தின் சூட்டு நிறத்தைக் கொடுக்கிற சாமான்; கன்னத்தை உள்வாங்கிக் காட்டாது. சரி, கொன்டூர் என்றே எழுதியிருக்கிறதை வாங்கினால்? அதிலும் பாதி வெள்ளைத் தோலுக்கென்று செய்தவை. அந்தச் சாம்பல் ஓடிய நிறம் எங்கள் தோலில் உயிரில்லாமல் நிற்கும். மாநிறத்துக்குத் தேவை, தன் நிறத்தைவிட இரண்டு படி கடுமையான, சாம்பலும் தூக்காமல் சிவப்பும் தூக்காமல் இருக்கிற மண்ணிறம். நல்ல கறுப்பு நிறப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கடுமையானது இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. அவர்களுக்கு நான் கொன்டூரையே விட்டுவிடுகிறேன். கன்ன எலும்பின் மேலும் கண்ணுக்குக் கீழும் ஒரு படி வெளிச்சமான கன்சீலர், அதாவது கறை மறைக்கிற பூச்சு, வைத்தால், அவர்களின் சொந்த நிறமே நிழலாகிவிடும். சரியான வடிவாக இருக்கும்.

பெட்டியில் அதிகம் தேய்ந்தது கிரையோலானின் டிவி பெயின்ட் ஸ்டிக். 1945இல் பெர்லினில் தொடங்கிய நிறுவனம். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் ஒப்பனைச் சாமான் செய்கிறவர்கள். நடனக்காரர் இதை ஃபவுண்டேஷனாகத்தான் வாங்குவோம். நான் மாணவியின் நிறத்துக்கு ஒன்றும், அதைவிட இரண்டு படி கடுமையாக இன்னொன்றும் எடுத்து, இரண்டாவதைக் கொன்டூராக்குகிறேன். இரண்டும் ஒரே வகைச் சாமான் என்பதால் ஒன்றோடொன்று இழைந்துபோகும், எல்லைக்கோடு தெரியாது. 25 கிராம் ஸ்டிக், கொன்டூருக்கு மட்டும் என்றால் முடியவே முடியாது. நிறங்களுக்கு எழுத்தும் இலக்கமும்தான் பெயர், ஆகவே ஓன்லைனில் ஊகித்து வாங்குகிற வேலை வேண்டாம். பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, நடன நகை வாங்கப் போகிற யாரோடாவது சேர்ந்துபோய் நேரில் பார்த்து எடுக்கிறேன். தடிப்பான பூச்சு, கொஞ்சம் கூடினாலும் முகமூடிதான். பகல் கல்யாணத்துக்கு இதைத் தொடுவதில்லை.

பகலுக்கு எல்.ஏ. கேர்ள் ப்ரோ கன்சீல். உண்மையில் இது கன்சீலர். 8 கிராம் ரியூப், நுனியில் சின்ன பிரஷ். பல நிறத்தில் வருவதால் கடுமையான ஒன்றை எடுத்தால் கொன்டூர் ஆகிவிடும். மெல்லிய திரவம், பூசினதும் தோலோடு ஒட்டிவிடும், எங்கள் வியர்வைக்கு அது நல்லது. ஆனால் கெதியாகக் காயும். இரண்டு கன்னத்திலும் கோடு போட்டுவிட்டுக் கண்ணாடியில் அழகு பார்த்தால் இரண்டாவது கன்னத்தில் கோடு கோடாகவே நிற்கும். ஒரு கன்னத்தை முடித்துவிட்டு மற்றதுக்குப் போக வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: விலை தாங்கும், நிறம் பிழைத்தாலும் பெரிய நட்டம் இல்லை.

கனடாவில் இருந்து வருகிற சித்தியின் மகளின் தயவில் ஃபென்டி பியூட்டியின் மேட்ச் ஸ்டிக்ஸும் இருக்கிறது, மோக்கா என்கிற நிறம். 2017இல் ஒரேயடியாக 40 நிறத்தில் ஃபவுண்டேஷன் இறக்கிய நிறுவனம், அதனால் எங்கள் தோலை மறக்கவில்லை. பூசும்போது கிரீம், அழுத்தி முடிக்கும்போது பவுடர் பூசினமாதிரி ஆகிவிடும். நிறத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் 7.1 கிராம்தான், விலையோ எங்கள் கணக்குக்குக் கூட. காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற அந்தக் குச்சிகளைத் திறந்து மூடி விளையாடியே பாதிப்பேருக்கு ஆசை தீர்ந்துவிடும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர் என்ன வேணும் என்று கேட்டால் சொல்லுங்கள், சொந்தக் காசில் வேண்டாம்.

நகரத்தில் ஒரு பான்சி கடையில் ஆயிரம் ரூபாவுக்குள் எடுத்த, ஆறு நிறப் பவுடர் பெட்டி ஒன்றும் கிடக்கிறது. மூன்று நிறம் மினுங்கும், ஒன்று சுண்ணாம்பு, ஒன்று செங்கட்டி. ஆறாவதைப் புருவம் எழுதப் பாவிக்கிறேன், அதுக்கு மோசமில்லை. பிரஷை வைத்ததும் பறக்கிற தூள் மேசையெல்லாம் படியும், கன்னத்தில் பிடிக்காது. பவுடர் கொன்டூர் எல்லாமே இப்படி என்றில்லை. எண்ணெய் வடிகிற முகத்துக்கு நன்றாக அரைத்த பவுடர்தான் நின்றுபிடிக்கும். மாறாக, ஐம்பது தாண்டிய முகத்தில் பவுடர் சுருக்கத்துக்குள் போய் உட்காரும், அங்கே கிரீம் நல்லது.

கடையில் நிறம் பார்ப்பது மணிக்கட்டில் இல்லை, தாடையில். பூசிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பெரிய பெயர் அச்சடித்து மலிவாக விற்கிற சாமானில் எடை, பாட்ச் இலக்கம், திறந்த பிறகு எத்தனை மாதம் பாவிக்கலாம் என்கிற மூடி திறந்த டப்பாவின் படம், இவை இருக்கின்றனவா என்று திருப்பிப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் இறக்குமதி நிறுத்தப்பட்ட 300 பொருட்களில் ஒப்பனைச் சாமான்களும் இருந்தன. அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாத சரக்கு நிறையச் சுற்றியது. பழைய சரக்கு என்று சந்தேகம் வந்தால் மணந்து பாருங்கள். காறின எண்ணெய் மணம் வருகிற கிரீமை இனாமாகத் தந்தாலும் தொட வேண்டாம்.

இனி பூசுகிற விதம். காதின் மேல்நுனியில் இருந்து வாய்க்கடையை நோக்கி ஒரு கோடு என்று எல்லாரும் சொல்வார்கள். கோடு வாய் வரைக்கும் போகக்கூடாது, கண்ணின் வெளிமூலைக்கு நேர் கீழே நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டினால் முகம் மெலியாது, களைத்துப்போன முகம் வரும். கன்னக்குழிக்குள்ளே பூசாமல் ஒரு விரல் மேலே, எலும்பின் அடி விளிம்பில் வையுங்கள், இழைக்கும்போது எப்படியும் கொஞ்சம் கீழே இறங்கும். ஈரப் பஞ்சை நன்றாகப் பிழிந்து, கீழிருந்து மேலே ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கீழே இருக்கிற ஃபவுண்டேஷனும் சேர்ந்து வந்துவிடும். கிரீம் வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் பவுடர். பவுடருக்கு மேலே கிரீம் போட்டால் திட்டுத் திட்டாகும், அதைத் திருத்த வழியில்லை, கழுவத்தான் வேண்டும்.

இந்து மணப்பெண்ணுக்கு நெற்றியில் கொன்டூர் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். நெற்றிச்சுட்டியும் சூரியப்பிறையும் சந்திரப்பிறையும் ஏறின பிறகு அங்கே என்ன தெரியப்போகிறது? அந்த நேரத்தைக் காதோரத்தில் செலவழியுங்கள். தலைமயிரை இழுத்துக் கட்டி மாட்டல் போட்டவுடன் காதுக்கு முன்னால் உள்ள இடம் பளிச்சென்று வெளியே வரும். கோடு அங்கே வெட்டினமாதிரி நின்றால், பக்கவாட்டில் எடுக்கிற படம் முழுக்க அதுதான். மூக்குக்கு இரண்டு மெல்லிய கோடு, கண்ணிமைக்குப் பாவிக்கிற சின்ன பிரஷால். அகலமாகப் போட்டால் மூக்கு ஒடுங்குவதற்குப் பதில் அழுக்காகும். மூக்குத்தி போடுகிற பக்கத்தைக் கடைசியில் செய்யுங்கள்.

வீடியோக்காரர் படம் எடுக்கத் தொடங்குவதற்கு முன்னமே அவருடைய எல்ஈடி விளக்குக்குக் கீழே பிள்ளையை ஒருதரம் நிற்கவைத்துப் பார்ப்பது நல்லது; முடியாவிட்டால் கைபேசி ஃபிளாஷில் ஒரு படம் எடுங்கள். கண்ணாடியில் சரியாகத் தெரிகிறது ஃபிளாஷில் கோடாக விழும். வெறும் கண்ணுக்கு "ஏதோ போட்டிருக்கிறாள்" என்று தெரியாமல், படத்தில் தாடை தெரிந்தால் அளவு சரி. அப்படியும் ஒரு பெரியம்மா வந்து, "என்ன பிள்ளை, கன்னத்திலை கரி பிரண்டிருக்கு" என்று சேலைத் தலைப்பால் துடைக்க வருவா. அவவிடம் இருந்து பிள்ளையைக் காப்பாற்றுவதும் ஒப்பனைக்காரியின் வேலைதான்.

வியர்த்தால் ரிஷுவை மடித்து ஒற்றுங்கள், இழுக்க வேண்டாம். ஆவணி வெயிலில் நல்லூர்த் தேருக்குப் போகிறவர்கள் கொன்டூரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே எந்த ஸ்டிக்கையும் வைக்காதீர்கள், மத்தியானத்துக்குள் இளகி மூடியோடு ஒட்டிக்கொள்ளும். பலபேருக்குப் போடுகிறவர்கள் ஸ்டிக்கை நேரே முகத்தில் இழுக்காமல் சுரண்டி ஒரு சில்வர் தட்டில் எடுத்துப் பாவியுங்கள். அப்படிச் செய்தால் ஒரு பிள்ளையின் முகத்துக் கிருமி ஸ்டிக் வழியாக அடுத்த பிள்ளைக்குப் போகாது.

கழற்றும்போது டிவி பெயின்ட் ஸ்டிக் சவர்க்காரத்துக்கு மசியாது. தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடேற்றி முகம் முழுக்கத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, பழைய பருத்தித் துணியால் துடைத்த பிறகுதான் முகம் கழுவ வேண்டும். துணி வெள்ளையாக இருந்தால் நல்லது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.