காதலியின் பாட்டா, மனைவியின் பாட்டா?

கௌகேர்ள் பாட்டு, அதாவது அமெரிக்க மேற்கின் மாடு மேய்ப்பவர் வாழ்க்கையைப் பெண் குரலில் பாடுவது, என்றதும் எல்லோரும் கைகாட்டுவது பாட்ஸி மொன்டானாவை. 1935-இல் நியூயார்க்கில் பிரெய்ரி ராம்ப்ளர்ஸ் குழுவோடு அவர் பதிவுசெய்த 'ஐ வான்ட் டு பி எ கௌபாய்ஸ் ஸ்வீட்ஹார்ட்' (கௌபாயின் காதலியாக ஆசை) பத்து லட்சம் இசைத்தட்டு விற்றதாகச் சொல்வார்கள். என் ஓட்டு அதற்கு ஆறு வருஷம் முன்பே பதிவுசெய்த பில்லி மேக்ஸ்வெல் என்ற பாடகிக்கு.

பாட்ஸியிடம் குறை சொல்ல முடியாது. யோடல் என்ற குரல் தாவும் பாணியில் அடிக்குரலிலிருந்து உச்சிக்குத் தாவும்போது ஒரு பிசிறு இருக்காது. ஆனால் மொன்டானா என்பது மேடைப் பெயர். பிறந்தது ஆர்கன்சாவில், புகழ் வந்தது சிகாகோ வானொலியில். அவர் பாட்டில் மேய்ச்சல் வெளி என்பது போக ஆசைப்படும் இடம்.

பில்லிக்கு அது வீட்டு வாசல். அரிசோனாவின் ஸ்பிரிங்கர்வில் பக்கத்துக்காரர். 1929 ஜூலையில் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனி டெக்சாஸின் எல் பாசோவில் பதிவு நடத்தியபோது, அப்பா கர்ட்டிஸின் ஃபிடிலோடு (நாட்டுப்புற வயலின்) ஒயிட் மவுன்டன் ஆர்க்கெஸ்ட்ரா என்ற குடும்ப இசைக்குழு போனது. மகள் தனியாகவும் சில பாட்டுகள் பாடினார். ஒரு கிதார், ஒரு குரல், அவ்வளவுதான். 'பில்லி வெனெரோ'வில் காதலியின் ஊரை எச்சரிக்கக் குதிரையில் பறக்கிறவன் வழியிலேயே சுடப்பட்டுச் சாகிறான். பாடுகிற பில்லி மேக்ஸ்வெல் அழுவதில்லை, அடுத்த வீட்டுக்குச் சேதி சொல்கிற மாதிரி பாடிவிட்டுப் போகிறார். அதனாலேயே அடிவயிறு கலங்குகிறது. 'தி கௌபாய்ஸ் வைஃப்' (கௌபாயின் மனைவி) இன்னும் ஒரு படி மேல். பாட்ஸி கூடவே குதிரையேறக் கனவு காண்கிறார். இங்கே, அவன் போனபின் வீட்டில் தனியாகக் கிடப்பவளின் குறை.

குடும்பக் குழுவின் தட்டுகள் வேறு ரகம். வால்ட்ஸ், குவாட்ரில் என்ற நடன இசை எல்லாம் ஆடுகிற காலுக்காக வாசித்தவை. மெட்டின் ஒரே திருப்பம் மறுபடி மறுபடி வரும். ஆடுகிறவர்கள் ஓயும்வரை ஆட்டக்கூடத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டியது, தட்டில் மூன்று நிமிஷத்தில் சட்டென்று நிற்கும். உட்கார்ந்து கேட்டால் இரண்டாவதிலேயே அலுப்பு. (நான் பாத்திரம் தேய்க்கும்போது போடுவேன், அப்போது அருமை.) பில்லியின் கிதார் தாளம் இம்மியும் பிசகாததற்கு இந்த ஆட்டக்கூடப் பழக்கம்தான் காரணமென்று தோன்றுகிறது.

பழைய தட்டின் இரைச்சல் பழகாதவர்கள் பாட்ஸியில் தொடங்கலாம். மற்றவர்கள் நேரே எல் பாசோவுக்கு, முதலில் அப்பாவின் ஒரு வால்ட்ஸ், பிறகு மகள்.