கேட்காமல் ஓடும் தினசரி வேலைகள்: தொகுப்பை நீக்குவதா, கோப்பை அழிப்பதா, டைமரை மாஸ்க் செய்வதா?

பாளையங்கோட்டையில் அச்சு வேலைக்கு வைத்திருக்கும் பழைய கணினியில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. எஸ்எஸ்டி கிடையாது, சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். இரவு கடை பூட்டும்போது கணினியையும் அணைத்துவிடுவோம். கொடை மாதங்களில் கோயில் நோட்டீஸ் அடிக்கக் காலையிலேயே ஆட்கள் வந்து நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து டிஸ்க் விளக்கு விடாமல் எரியும்.

காரணம், மென்பொருள் தொகுப்புகளோடு சேர்ந்து வரும் தினசரி வேலைகள். கோப்பு தேடித் தரும் பிளோகேட், டிஸ்க் முழுவதையும் துழாவிக் கோப்புப் பட்டியல் எடுக்கும். மேன்-டிபி கையேட்டுப் பக்கங்களின் அட்டவணையைப் புதுப்பிக்கும். இவற்றைக் குறித்த நேரத்தில் தொடங்கிவைப்பவை சிஸ்டம்டியின் டைமர்கள்; சிஸ்டம்டி என்பது கணினியின் பின்னணி வேலைகளை நடத்தும் நிரல். இந்த டைமர்களில் 'பெர்சிஸ்டென்ட்' என்றொரு வரி இருக்கிறது. நள்ளிரவில் கணினி அணைந்திருந்து வேலை தவறிப்போனால், மறுநாள் திறந்த பிறகு அது ஓடியே தீரும். பிளோகேட்டில் பல மணி நேரத் தாமதமும் சேர்த்திருப்பதால், பகலில் எப்போது பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ் என்று கட்டளை கொடுத்தால் எது எப்போது ஓடியது, அடுத்து எப்போது ஓடும் என்று வரிசையாகக் காட்டும்.

தேவையே இல்லாத தொகுப்பென்றால் நீக்கிவிடலாம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. புதிதாக நிறுவும்போது, பரிந்துரைத் தொகுப்புகள் வேண்டாம் என்று சொல்லும் நோ-இன்ஸ்டால்-ரெகமண்ட்ஸைக் கட்டளையில் சேர்த்துக்கொள்வதும் நல்லது. 2009-இல் வந்த டெபியனின் லென்னி பதிப்பிலிருந்து பரிந்துரைத் தொகுப்புகளும் தாமாகவே கூட வருகின்றன. சிக்கல், தொகுப்பு வேண்டும், அதன் தினசரி வேலை மட்டும் வேண்டாம் என்னும்போதுதான்.

அங்கே நான் பார்ப்பது ஒன்றே: அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் நம் முடிவு நிற்குமா? அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவில், நேரம் வைத்து வேலை ஓட்டும் பழைய முறையான கிரானின் கோப்பை அழித்தால், தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி அதை நிர்வாகியின் விருப்பம் என்று மதித்துத் திரும்பப் போடாது. ஆனால் சிஸ்டம்டி ஓடும் கணினியில் அந்தக் கோப்பு பெரும்பாலும் வெறும் பேருக்குத்தான். மேன்-டிபியின் கிரான் கோப்பைத் திறந்து பாருங்கள். சிஸ்டம்டி இருக்கிறதா என்று முதலிலேயே சோதித்துவிட்டு, இருந்தால் ஒன்றும் செய்யாமல் வெளியேறிவிடும். உண்மையில் வேலை செய்வது டைமர். சரி, டைமர் கோப்பையே அழிக்கலாம் என்றால், அது தொகுப்புகளின் சொந்தக் கோப்புகள் இருக்கும் யுஎஸ்ஆர் அடைவுக்குள் இருப்பதால் தொகுப்பு புதுப்பிக்கப்படும்போது மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மாஸ்க் இந்த இரண்டுக்கும் தப்பிவிடுகிறது. அது தொகுப்பின் கோப்பைத் தொடுவதில்லை. இடிசிக்குள் அதே பெயரில் டெவ்-நல் என்னும் வெற்றிடத்தைக் காட்டும் இணைப்பை வைக்கிறது. இடிசியில் இருப்பதற்கே முன்னுரிமை என்பதால் எத்தனை அப்டேட் வந்தாலும் டைமர் எழாது. டிஸேபிள் கட்டளையும் சாதாரணமாகப் போதும், ஆனால் சிஸ்டம்டி நடத்தும் வேறொரு யூனிட் (டைமர், சர்வீஸ் போன்ற ஒன்று) அதை இழுத்துத் தொடங்கிவிடலாம். மாஸ்க்கில் அந்த வழியும் அடைபடுகிறது. டைமரை மட்டும் மாஸ்க் செய்யுங்கள், உண்மையான வேலையைச் செய்யும் சர்வீஸை விட்டுவிடுங்கள். மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது சர்வீஸைக் கையால் ஓட்டிக்கொள்ளலாம். மனம் மாறினால் அன்மாஸ்க் ஒரே வரி.

எல்லாவற்றையும் இப்படி அடைத்துவிடக் கூடாது. பழைய பதிவுகளைக் கழித்துவிடும் லாக்ரொட்டேட் நின்றால் பதிவுக் கோப்புகள் வளர்ந்து டிஸ்க்கை நிரப்பும். தானாக வரும்படி வைத்திருந்தால், பாதுகாப்புத் திருத்தங்கள் ஏப்டி-டெய்லி டைமர்கள் வழியாகத்தான் வருகின்றன. இவற்றுக்கு நேரம் மாற்றுவதே சரி. சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்து, நேரத்தைக் குறிக்கும் ஆன்காலண்டர் வரியை முதலில் வெறுமையாக எழுதி, அதன் கீழே புது நேரத்தை எழுத வேண்டும். வெற்று வரியை விட்டால் பழைய நேரமும் சேர்ந்தே ஓடும். தாமத வரி இருந்தால் அதையும் பூஜ்யமாக்க வேண்டும்.

கிரான் கோப்பு பற்றிச் சொன்னது டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் பொருந்தும். ஃபெடோரா போன்ற ஆர்பிஎம் வகை லினக்ஸ்களில் எனக்குப் பழக்கம் குறைவு; அங்கே அழிக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.