அலுவலகமா, கிளையா? பிஜியில் 18 மாதம்

தலைநகர் சுவாவில், ஊழியக்காரர்களின் வீடு, செலவு, மாற்றலைக் கவனிக்கும் ஊழிய அலுவலகத்தில் 13 மாதம், வடக்கே இன்னொரு தீவில் லம்பாசா பக்கம் ஒரு சின்னக் கிளையில், அதாவது சிறிய உள்ளூர்ச் சபையில், 5 மாதம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் மூத்த தம்பதியாக, அதாவது ஓய்வுக்குப் பிறகு ஊழியத்துக்குப் போகும் கணவன் மனைவியாக, நானும் இவரும் பிஜியில் இருந்த கணக்கு இது. திரும்பி வந்ததிலிருந்து, ஓய்வு பெறப்போகிறவர்கள் எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: சபை விருப்பம் கேட்டால் அலுவலக வேலை என்று எழுதவா, கிளைகளுக்கு உதவி என்று எழுதவா?

என் ஓட்டு அலுவலகத்துக்கு. 31 வருடம் வங்கியில் கணக்குப் பார்த்தவள் வேறென்ன சொல்வாள் என்று இவர் சிரிக்கிறார். அதையும் கழித்துக்கொண்டே படியுங்கள்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2011இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு தம்பதிகள் 6, 12, 18, 23 மாதம் என்று காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். செலவு நம்முடையது. இளம் ஊழியக்காரர்களைப்போல வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. டிவி பார்க்கலாம், பேரனோடு வீடியோவில் பேசலாம். ஞாயிறு இரண்டு மணி நேர ஆராதனை, மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். டீ, காப்பி சபை விதிப்படி எங்கே போனாலும் கிடையாது.

அலுவலக வாரம் திங்களன்று சந்தைக்கடையாகத் தொடங்கும். இளம் ஊழியக்காரர்களுக்கு அன்றுதான் துணி துவைக்க, சாமான் வாங்க விடுப்பு. டோங்கா, சமோவா, யூட்டா என்று எங்கிருந்தோ வந்த பையன்கள் தபாலும் பார்சலும் வாங்க வந்து நிற்பார்கள். செவ்வாய், புதன் எனக்கு வாடகையும் பில்லும். ஊழியக்காரர்கள் இரண்டிரண்டு பேராகத் தங்கும் வீடுகள் ஊர் ஊராக உண்டு. ஒருவருக்கு வாடகை நாலு நாள் தாமதமானால் வீட்டுக்காரர் நேரே என் மேசைக்கு வந்துவிடுவார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல். யார் எந்தத் தீவுக்கு, எந்தப் படகில், அங்கே கட்டில் இருக்கிறதா என்று அந்த வாரம் முழுக்க ஓட்டம்தான்.

வீடுகளைப் போய்ப் பார்ப்பது இவர் வேலை. சுவாவில் வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையைப்போல இரண்டு மடங்கு. ஒரு வீட்டில் மெத்தையைத் தூக்கினால் அடிப்பக்கம் கரிச்சட்டி மாதிரி பூஞ்சை. அதன்மேல் மாதக்கணக்காகப் படுத்திருந்த பையன், "அதனால்தான் இருமலா?" என்று கேட்டானாம். இன்னொரு வீட்டு ஃப்ரிட்ஜில் பாதி வெட்டிய சேப்பங்கிழங்கும், கரண்டி உள்ளேயே நிற்கும் மீன் டப்பாவும், வேறொன்றும் இல்லை. அன்று மாலை நான் பெரிய சட்டியில் பருப்பு வைத்துக் கொடுத்தனுப்பினேன். ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டினால் எங்கள் நேரம். வியாழன் காலை 2000இல் திறந்த சுவா ஆலயத்துக்குப் போவோம். சனிக்கிழமை சந்தை, கத்திரிக்காயும் முருங்கைக்காயும் கிடைப்பதால் சாம்பாருக்குக் குறையில்லை.

இனி லம்பாசா. சர்க்கரை ஆலை ஊர். அரவைக் காலத்தில் கரும்பு லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கே நிறைவாக இருக்கும். கிளைத் தலைவரோடு இவர் பதிவேட்டில் உட்காருவார், நான் ஒத்தாசைச் சங்கம் என்ற பெண்கள் அமைப்பின் தலைவியோடு. கீபோர்டு வாசிக்க ஆளில்லாததால் இரண்டு சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டியின் தாத்தா மதராஸில் கப்பலேறி வந்த கரும்புக் கூலி. பாட்டி பேசுவது பிஜி இந்தி. தமிழில் மிச்சமிருந்தது சோறு, தண்ணி, இன்னும் நாலைந்து சொல். எலுமிச்சை இலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரைக் கொடுத்து, "தண்ணி, தண்ணி" என்று சொல்லிக்காட்டிச் சிரிப்பார். தேயிலை இல்லாததால் எங்களுக்கும் தடையில்லை. சுவாவில் 13 மாதம் இருந்தும் இப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்ததில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இருக்கிறதே. கிளை மக்கள் வயலுக்கும் ஆலைக்கும் கடைக்கும் போய்விடுவார்கள். சந்திப்பெல்லாம் இருட்டிய பிறகு, இல்லையென்றால் வார இறுதியில். காலை வாசிப்பும் ஜெபமும் முடிந்து, சமைத்து, துணி காயப்போட்டு நிமிர்ந்தால் மணி பத்து. அதற்குமேல் மாலை ஆறுவரை நாங்கள் இரண்டு பேர், ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். புதனும் அப்படியே. ரிட்டயர் ஆன கணவரோடு முழுப் பகலும் ஒரே வீட்டில் இருந்து பழகுவது சொந்த ஊரிலேயே பெரிய பாடு. ஊரில் அவருக்கு நடைப்பயிற்சி நண்பர்கள் உண்டு, எனக்குத் தங்கை வீடு உண்டு. அங்கே அதுவும் இல்லை. மூன்றாம் மாதம் உப்புக் குறைந்ததற்கு ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்தோம். இவர் பகலில் தூங்க ஆரம்பித்தார், இரவில் விழித்துக் கிடந்தார். சுவாவில் ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு தலைவலி; மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவரிடம் சொல்ல எனக்கும், என்னிடம் சொல்ல அவருக்கும் ஏதாவது இருந்தது. நாட்டையும் செலவையும் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, வாரத்தின் நடுவில் உங்களுக்குப் பகல் வேலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள் என்பேன்.

இதற்கு எதிராகவும் சொல்ல வேண்டும். 5 மாதம் ஒரு ஊருக்குப் போதாது. முழு 18 மாதமும் அங்கேயே இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமைகள் தானாக நிரம்பியிருக்கலாம். பிஜி இந்தி சரளமாக வந்திருந்தாலும் கதை வேறு. எங்களுடையது பள்ளிக்கூட இந்தி, அதுவும் தட்டுத்தடுமாறி. போன இடத்தில் அரை மணியில் நாலு பேரைச் சிநேகம் பிடிக்கிறவர் நீங்கள் என்றால் என் பேச்சைக் கேட்க வேண்டாம். நிவாரணப் பணி என்று மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நாங்கள் செய்ததில்லை, அதனால் அதை இந்தத் தராசில் வைக்கவில்லை.

அலுவலகம் என்று எழுதினால் ஒன்று செய்யுங்கள். போன முதல் மாதமே, அங்குள்ள ஊழியக்காரர்களுக்கெல்லாம் பொறுப்பான ஊழியத் தலைவரிடம், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கிளையில் எங்களைப் போடுங்கள் என்று கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்டது ஒன்பதாம் மாதம்தான். நவுசோரி பக்கம் அனுப்பினார்கள். அங்கேயும் கீபோர்டு மூலையில் உறை போட்டுத்தான் இருந்தது.