எச்சரிக்கை: சினைப்பசுவுக்குப் புரதக் கலவை என்று யூரியாவை விற்கிறார்கள்

கால்நடைத் தீவனம் விற்கும் ஓர் இணையச் செயலியில், சினையாக இருக்கும் என் இறைச்சி மாடுகளுக்கென்று வாங்கிய ‘சினைக்காலப் புரதக் கலவை’யில் 45,000 ரூபாய் பறிபோய்விட்டது. ஆய்வக முடிவு இன்று காலைதான் கைக்கு வந்தது; புரதம் என்று காட்டப்பட்டதில் பெரும்பகுதி யூரியா. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அந்தச் செயலியின் ‘தீவன ஆலோசகர்’ விற்பனையாளரைப் போலப் பேசவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே சினை எத்தனையாவது மாதம் என்று கேட்டார். விலா எலும்பு தெரிகிறதா என்று பார்க்கப் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். கன்றின் தசை இழைகள் எத்தனை என்பது தாயின் வயிற்றிலேயே முடிவாகிவிடுகிறது, பிறந்த பிறகு அவை பருக்குமே தவிரப் பெருகுவதில்லை, ஆகவே நடுமாதங்களில் தாய்க்குத் தீவனம் குறைந்தால் அந்தக் குறையைப் பின்னால் ஈடுகட்ட முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அத்தனையும் உண்மை. உண்மையைச் சொல்லியே நம்பவைத்தார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கடைசியில் கச்சாப் புரதம் 32 சதவீதம் என்ற ஆய்வறிக்கையின் படத்தை அனுப்பினார். 45,000 செலுத்தினேன்.

மூட்டையைப் பிரித்தால் தவிட்டுக்கு நடுவே கடுகளவு வெள்ளை மணிகள். ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்தபோது தண்ணீர் சில்லிட்டது. யூரியா கரையும்போது அப்படித்தான் குளிரும். கச்சாப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள் என்பதைக் கால்நடை மருத்துவர் சொன்னார். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் இருப்பதால், 100 கிராம் யூரியா காகிதத்தில் 287 கிராம் புரதமாகிவிடுகிறது! மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்கப் போதிய மாவுச்சத்து வேண்டும். வெறும் உலர் தீவனம் தின்னும் மாட்டுக்கு அது அம்மோனியாவாக வீணாகும், அளவு மீறினால் உயிரையே வாங்கும். என் பசு ஒன்று வாயில் நுரை தள்ளி நடுங்கி நின்றது. மருத்துவர் வினிகர் புகட்டிக் காப்பாற்றினார்.

புகார் செய்தபோது, முதலில் “இன்னும் கொஞ்ச நாள் கொடுத்துப் பாருங்கள்” என்றார்கள். அடுத்து என் உலர் தீவனத்தைக் குறை சொன்னார்கள். பிறகு தயாரிப்பாளரிடம் கேட்கச் சொன்னார்கள். தயாரிப்பாளரோ செயலியிடமே கேட்கச் சொன்னார். ஆலோசகர் அழைப்பை எடுப்பதே இல்லை. இறுதியாக, பிரித்த மூட்டைக்குப் பணம் திரும்பாது என்று ஒற்றை வரி அனுப்பிவிட்டு, புகாரைத் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிட்டார்கள். 45,000 அவர்களிடமே இருக்கிறது. பசுக்களோ நடுமாதங்களைத் தாண்டிவிட்டன. கருவின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடும் கடைசி மூன்று மாதங்களுக்காவது நல்ல புரதம் கொடுக்க வேண்டுமென்று, அந்த 45,000 போன நிலையில் மறுபடியும் செலவழித்துக்கொண்டிருக்கிறேன்.

வாங்கப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கச்சாப் புரத எண்ணை மட்டும் பார்க்காமல், புரதமல்லாத நைட்ரஜன் (யூரியா போன்றவற்றிலிருந்து வருவது) எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் வாங்காதீர்கள். ஆய்வறிக்கையின் தொகுதி எண்ணும் மூட்டையின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பிரிப்பதைக் காணொளி எடுங்கள். மாடு தின்னும் முன்பே ஒரு பிடியை ஈரம் படாமல் மூடி எடுத்துவையுங்கள், ஆய்வகம் அதைத்தான் கேட்கும்.